கடைசி அத்தியாயம் பாதோவாவில் இருக்கிறது

பாதோவா, இத்தாலி
20 ஜனவரி 2002

அன்புள்ள ஸ்மரண்டா அக்காவுக்கு,

உன் தங்கை ஆவ்ரிகா எழுதறேன். குளிர்ல விரல் வெடிக்கிறதைத் தவிர நான் சுகமா இருக்கேன். உன் முழங்கால் எப்படி இருக்கு? ரொட்டிக் கடையில நாள் பூரா நிக்காதே, முதலாளிகிட்ட ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கிப் போட்டுக்கோ. என் பொண்ணு இலிங்கா ஒழுங்கா சாப்பிடறாளா?

இங்கேர்ந்து நம்ம ஊருக்கு வேன் ஓட்டற நெலுவோட ஞாயித்துக்கிழமை வண்டியில ஒரு பார்சல் வருது. காப்பித்தூள், உனக்குக் கம்பளிக் காலுறை, இலிங்காவுக்கு ஒரு இத்தாலிய மர்ம நாவல். சந்தையில பழைய புத்தகம் விக்கிறவன்கிட்ட வாங்கினது. நான் வீட்டோட இருந்து பாத்துக்கற வயசான சின்யோரா ஒத்தாவியாவுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் இதைத்தான் வாசிச்சுக் காட்டினேன். நாலு பக்கத்துல அந்தம்மா குறட்டை விட ஆரம்பிச்சுடுவாங்க, மிச்சத்தை நானே படிச்சுக்குவேன். எனக்கு இத்தாலியன் வந்ததே இப்படித்தான். கொலை, விஷம், வாக்குமூலம் எல்லாத்துக்கும் வார்த்தை தெரியும், கடையில போய் ஒரு பொத்தான் கேக்கத் தெரியாது.

கதை என்னன்னா, ஏரிக்கரை வீட்டுல ரெண்டாம் கல்யாண விருந்து. மாப்பிள்ளை சூப் தட்டுலயே தலை கவுந்து செத்துப் போறான். ஆசிரியருக்கு மழை பெய்ய வைக்கிறதுல இருக்கற ஆசை ஆளுங்களைப் பேச வைக்கிறதுல இல்லை. ஆனா விஷம் எந்த வழியா வந்துச்சுன்னு ஒரு இடம் இருக்கு பாரு, அதுக்காகவே படிக்கலாம்.

இலிங்கா எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்துலேர்ந்துதானே ஆரம்பிப்பா? அதனால கடைசி அத்தியாயத்தைப் பிளேடால அறுத்து நானே வச்சுக்கிட்டேன். பிஸ்கட் டப்பாவுல பத்திரமா இருக்கு. கொலைகாரன் யாருன்னு அவ யோசிச்சு எழுதட்டும், ஈஸ்டருக்கு நான் வரும்போது கையோட கொண்டு வரேன். பதினாலு வயசுப் பொண்ணுக்கு, அம்மா வர்றான்னு காத்துக்கிட்டிருக்க ஒரு காரணம் வேணாமா? இத்தாலியனும் வந்துடும், நாளைக்கு அவளை இங்க என்னோட கூட்டி வச்சுக்கலாம்.

அவளுக்கு என் முத்தம்.

உன் கையைப் பிடிச்சுக்கற தங்கை,
ஆவ்ரிகா


பர்லாத், ருமேனியா
10 பிப்ரவரி 2002

அன்புத் தங்கைக்கு,

பார்சல் வந்துச்சு. காலுறை ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னது, சந்தைக்காரன் உன்னை நல்லா ஏமாத்தியிருக்கான். முழங்கால் அப்படியேதான் இருக்கு. ஸ்டூல் கேட்டேன், "உக்காந்துக்கிட்டு ரொட்டி வித்தா பழைய ரொட்டின்னு நினைப்பாங்க"ன்னான் முதலாளி. உன் விரலுக்குப் பன்றிக் கொழுப்பு தடவு.

உன் மக பள்ளிக்கூட டீச்சர்கிட்ட அகராதி வாங்கிட்டு வந்து உக்காந்துட்டா. நான் பீன்ஸ் உரிப்பேன், அவ ஒவ்வொரு வரியா நம்ம பாஷையில சொல்லுவா. தெரியாத வார்த்தை வந்தா, "பெரியம்மா, இங்க ஏதோ மீன் மாதிரி ஒண்ணு சாப்பிடறாங்க, அதை விடு"ம்பா. கடைசி அத்தியாயம் இல்லேன்னு பாத்ததும் முதல்ல கத்தினா, அப்புறம் சிரிச்சா. "அம்மா பெரிய திருடி" அப்படின்னா.

அவ தீர்ப்பு இது, அப்படியே எழுதறேன். கொலை பண்ணினது பத்திரம் எழுதற வக்கீல். ஏன்னா சாவுக்கு அப்புறம் அந்த வீட்டுல ஒழுங்கா சாப்பிடறவன் அவன் ஒருத்தன்தான். மத்தவங்க எல்லாம் தட்டைத் தள்ளி வைக்கிறாங்க. அழறவங்களை நம்பலாமாம், ரெண்டாம் தடவை சோறு கேக்கறவனை நம்பக் கூடாதாம். அப்படிப் பாத்தா என்னை எந்தப் போலீஸும் விடாது.

ஈஸ்டருக்கு வரும்போது அத்தியாயத்தை மறந்துடாதேன்னு சொல்லச் சொன்னா. அதை ரெண்டு தடவை சொன்னா.

உன் அக்கா,
ஸ்மரண்டா


பாதோவா
10 மார்ச் 2002

அன்புள்ள அக்காவுக்கு,

கொழுப்பு தடவி விரல் ஆறிடுச்சு. இங்க சின்யோராவுக்கு இருமல், அதைத் தவிர எல்லாரும் சுகம். அங்க பனி விட்டுச்சா?

இலிங்காவோட தீர்ப்பைச் சின்யோராகிட்ட சொன்னேன். "கெட்டிக்காரப் பொண்ணு, ஆனா பாவம், அந்த வக்கீலுக்கு வயித்துல புண்ணு இருந்திருக்கும், அடிக்கடி சாப்பிட்டாகணும்"னாங்க. அந்தம்மா எல்லாருக்கும் மன்னிப்புக் குடுத்துடுவாங்க. வக்கீல் சரியா தப்பான்னு நான் சொல்ல மாட்டேன்.

இந்த வேன்ல வர்றது கொலைக் கதை இல்லை, நாவல். தெற்குல ஒரு கிராமத்துப் பொம்பளை, புருஷன் செத்துப் போக, மகளைத் தன் அக்காகிட்ட விட்டுட்டு வடக்கே ஆலை வேலைக்குப் போறா. முதல் பக்கத்தைப் பாத்ததுமே, அட, நம்ம வீட்டை எட்டிப் பாத்து எழுதியிருக்கானேன்னு வாங்கிட்டேன். ரயில்ல அவ போற இடத்துல அழுதுட்டேன் அக்கா. எழுதினவன் ஆம்பளை, இருந்தாலும் கையில ஒரே ஒரு பெட்டியோட போறவ மனசு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. ஆலையைப் பத்தின இடம் கொஞ்சம் இழுவை, சகிச்சுக்கச் சொல்லு.

பழக்கதோஷம், இதுலயும் கடைசி அத்தியாயத்தை அறுத்துட்டேன். டப்பாவுல இப்ப ரெண்டு இருக்கு.

அன்புடன்,
ஆவ்ரிகா


பர்லாத்
7 ஏப்ரல் 2002

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் சுகமா இருக்கோம். பனி விட்டு ஒரே சேறு. சின்யோராவோட இருமலுக்கு வெங்காயச் சாறும் தேனும் குடு.

அந்த நாவலை இலிங்கா அஞ்சாறு நாள்ல முடிச்சுட்டா. இந்தத் தடவை எனக்கு உரக்கப் படிச்சுக் காட்டலை. சன்னல் பக்கமா உக்காந்து தனியா படிச்சா. முடிச்சதும் "எழுது பெரியம்மா"ன்னு சொல்லச் சொல்ல எழுதறேன்:

"அந்த அம்மா ரயில்ல போறதுக்கு ஆசிரியர் ஒரு அத்தியாயமே குடுத்திருக்கார். வீட்டுல விட்டுட்டுப் போன பொண்ணுக்கு ஒரு பக்கம் கூட இல்லை. அவ காலையில எந்திரிச்சு என்ன பண்ணினான்னு யாரும் கேக்கலை. எப்பவாவது கடிதத்துல 'குழந்தை சுகம்'னு ஒரு வரி வருது. அது அவ எழுதினதும் இல்லை."

நல்லாத்தான் சொல்றான்னு எனக்குத் தோணிச்சு. அப்புறம் அவ கேக்கச் சொன்னது ஒண்ணே ஒண்ணு. அந்த அம்மா கடைசியில திரும்பி வர்றாளா, இல்லையா? இதை மட்டும் எழுதச் சொல்லு, ஒரு வரி போதும்ங்கறா. கொலைக் கதை முடிவுக்கெல்லாம் ஈஸ்டர் வரைக்கும் காத்திருப்பாளாம்.

எழுதிடு ஆவ்ரிகா. ஈஸ்டர் முட்டைக்குச் சிவப்புச் சாயம் வாங்கி வச்சாச்சு. இனிப்பு ரொட்டிக்கு வால்நட் உடைக்கிறது உன் மக வேலை, உடைக்கிறதுல பாதி அவ வாயிலதான் போகுது.

ஸ்மரண்டா


பாதோவா
21 ஏப்ரல் 2002

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கீங்க ரெண்டு பேரும்? எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லை. மனசுதான் சரியில்லை.

ஈஸ்டருக்கு வர முடியாது அக்கா. சின்யோராவோட பையன் நான் இங்க சட்டப்படி தங்கி வேலை செய்யக் காகிதம் வாங்கித் தர்றதா வாக்குக் குடுத்திருக்கார். அது கைக்கு வர்ற வரைக்கும் எல்லையைத் தாண்டினா அவ்வளவுதான், பாஸ்போர்ட்டைப் பாத்துட்டுத் திரும்ப உள்ள விட மாட்டான். இலையுதிர் காலத்துக்குள்ள வந்துடும்ங்கறார். வந்த அடுத்த ஞாயித்துக்கிழமை நான் நெலு வேன்ல இருப்பேன். இலிங்காகிட்ட நீதான் பக்குவமா சொல்லணும்.

அவ அபிப்பிராயம் கெட்டிக்காரத்தனமா இருக்கு, ஆனா ஆசிரியருக்குக் கொஞ்சம் அநியாயம். கதை யார் பயணம் போறாங்களோ அவங்க கூடத்தானே போகும்? வீட்டுல இருக்கறவங்களுக்கு என்ன நடந்துடப் போகுது, எழுதறதுக்கு? அந்த அம்மா திரும்பி வர்றாளான்னு கேட்டாளே, சொல்ல மாட்டேன்னு சொல்லு. நேர்ல வந்து மடியில போட்டுக்கிட்டு நானே வாசிச்சுக் காட்டுவேன்.

பண்டிகைப் பார்சல்ல சாக்லேட் முட்டையும் ரெண்டு புத்தகமும் இருக்கு. ஒண்ணு கப்பல்ல நடக்கற கொலை. கரையே கண்ணுல படாது, மூச்சு முட்டும், அதுதான் அதோட அழகு. இன்னொண்ணுல வயித்துவலிக்கார இன்ஸ்பெக்டர் ஒருத்தர், வைத்தியர் வேணாம்னதை எல்லாம் தின்னுக்கிட்டே துப்பு துலக்கறார். ரெண்டு முடிவும் டப்பாவுல பத்திரம்.

ஆவ்ரிகா


பர்லாத்
16 ஜூன் 2002

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுத நாளாயிடுச்சு, கோவிச்சுக்காதே. கடையில ஆள் குறைவு. நான் சுகம், இலிங்கா சுகம். பரிட்சைக்குப் படிக்கிறா. நீ நேரத்துக்குச் சாப்பிடறியா?

ரெண்டு புத்தகமும் ரொம்ப நல்லா இருந்துச்சு. விறுவிறுப்பா போச்சு. முதல் புத்தகத்துல கொலை பண்ணினது தோட்டக்காரன்னு இலிங்கா நினைக்கிறா. ரோஜாச் செடி வெட்டற கத்தரிக்கோலால பண்ணியிருப்பானாம். இன்ஸ்பெக்டர் கதை அதைவிட நல்லா இருக்கு, அவர் நல்ல மனுஷன்.

சாக்லேட் முட்டைக்கு நன்றி.

ஸ்மரண்டா


பாதோவா
7 ஜூலை 2002

அன்புள்ள அக்காவுக்கு,

வெயில் தாங்க முடியலை, சன்னலை எல்லாம் மூடி இருட்டுலயே உக்காந்திருக்கோம். நீ சுகம்தானே? நிஜத்தைச் சொல்லு.

அந்தக் கதை முழுக்கக் கப்பல்ல நடக்குதுன்னு எழுதியிருந்தேனே அக்கா. அங்க தோட்டமும் இல்லை, தோட்டக்காரனும் இல்லை. அட்டையில ஒரு ரோஜாப் பூ போட்டிருக்கான், செத்தவ சட்டையில குத்தியிருந்தது. நீ அட்டையைப் பாத்துட்டுக் கதை கட்டியிருக்கே.

முதல்ல சிரிச்சேன். சின்யோராகிட்ட சொல்லி அவங்களும் சிரிச்சாங்க. அப்புறம் பாத்திரம் கழுவும்போது கை நின்னு போச்சு. புத்தகத்தைப் பத்தி அவ ஒரு வார்த்தை கூட சொல்லலையா? அவளுக்கு உடம்பு சரியில்லையா? எங்கிட்ட எதை மறைக்கிறே? எனக்கு அவ சத்தம் கேக்கறதே அந்த அபிப்பிராயத்துலதான். அதையும் நீ தயாரிச்சு அனுப்பினா நான் எங்க போவேன்?

உடனே எழுது. நெலுவை நிக்க வச்சாவது எழுது.

ஆவ்ரிகா


பர்லாத்
28 ஜூலை 2002

ஆவ்ரிகா,

உடம்புக்கு எல்லாருக்கும் சுகம்தான். உன் மக நல்லா வளர்ந்துட்டா, போன வருஷத்து கோட்டுல கை மணிக்கட்டுக்கு மேல நிக்குது.

நீ வரலைன்னு நான் பக்குவமாத்தான் சொன்னேன். அவ அழலை. உன் கடிதத்தைத் தானே வாங்கிப் படிச்சா. "வீட்டுல இருக்கறவங்களுக்கு என்ன நடந்துடப் போகுது"ன்னு எழுதியிருந்தியே, அந்த இடத்தை ரெண்டு தடவை படிச்சா. "அம்மா திரும்பி வர்றாளான்னு கேட்டேன், அதையும் விளையாட்டாக்கிட்டாங்களா?"ன்னா. பண்டிகைச் சாப்பாட்டுல உக்காந்தா, முட்டை உடைச்சா, பாதிரியாருக்கு வணக்கம் சொன்னா. புது ரெண்டு புத்தகத்தையும் பிரிக்கக்கூட இல்லை. "பெரியம்மா, எனக்குன்னு இந்த வீட்டுக்கு முழுப் புத்தகம் ஒண்ணு கூட வந்ததில்லை" அப்படின்னா.

உனக்கு வருத்தமா இருக்கும்னு நான்தான் பொய் எழுதினேன். உன் கடிதம் அவகிட்ட இருந்துச்சு, கப்பல்னு நீ எழுதினது எனக்கு மறந்தே போச்சு. பாஷை தெரியாம துப்பறியப் போனா தோட்டக்காரன்தான் மாட்டுவான். சிரிச்சியே, அது வரைக்கும் சந்தோஷம்.

இப்ப நான் சொல்றதைக் கேளு. அந்த டப்பாவை அப்படியே நெலுகிட்ட குடுத்து அனுப்பு. எல்லா முடிவையும் அனுப்பு. முக்கியமா அந்த ரயில் ஏறிப் போனவளோடது. அவ இன்னும் உன்மேல கோவமாத்தான் இருக்கா. கோவம் இருக்கற வரைக்கும் பரவாயில்லை, அது ஆறிப் போச்சுன்னா என்ன பண்ணுவே?

ஸ்மரண்டா


பாதோவா
8 செப்டம்பர் 2002

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திட்டினது வாஸ்தவம். ஒரு மாசமா இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழிக்கிறேன். சின்யோராவைக் குளிப்பாட்டும்போதும் இதே நினைப்புதான். உன் முழங்காலைக் கூட விசாரிக்கத் தோணலை பாரு.

டப்பாவை ரெண்டு தடவை வேன் நிக்கற இடம் வரைக்கும் எடுத்துட்டுப் போனேன். ரெண்டு தடவையும் திருப்பி எடுத்துட்டு வந்துட்டேன். அனுப்பிட்டா அவகிட்ட எனக்குன்னு என்ன இருக்கு சொல்லு. காப்பித்தூளும் சாக்லேட்டும் யார் வேணா அனுப்பலாம். அந்தக் கடைசி அத்தியாயத்துக்காகவாவது அவ என்னை எதிர்பார்ப்பா. அதுவும் அவ கைக்குப் போயிடுச்சுன்னா நான் வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான்.

காகிதம் இந்தா வந்துடும். நானே கொண்டு வரேன். அவளைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு.

ஆவ்ரிகா


பர்லாத்
6 அக்டோபர் 2002

ஆவ்ரிகா,

நான் சுகம். வீடு வெறிச்சுன்னு இருக்கு.

உன் மக யாஷ் நகரத்துக்குப் போயிட்டா. அங்க மேல்நிலைப் பள்ளியில இத்தாலியன் சேத்துச் சொல்லித் தர்ற வகுப்பு இருக்காம். அதுக்குத் தனிப் பரிட்சை எழுதி இடம் வாங்கியிருக்கா. ஜூன்ல அவ படிச்சது அதுக்குத்தான், எனக்கே இடம் கிடைச்ச அப்புறம்தான் சொன்னா. விடுதியில இருக்கா. மாசத்துக்கு ஒரு தடவை வருவா. பரிட்சையில ஏதோ புத்தகத்தைப் பத்தி அபிப்பிராயம் கேட்டாங்களாம், நல்லா எழுதினேன்னா. எந்தப் புத்தகம்னு நான் கேக்கலை.

நீ டப்பாவை அனுப்பாதது எனக்கு ஆறவே இல்லை. உன்கிட்ட வர்றதுக்குன்னு நீ சொல்லிக் குடுத்த பாஷையை வச்சுக்கிட்டு அவ வேற பக்கம் போயிட்டா. உன்னைக் குத்திக் காட்டறதுக்காகச் சொல்லலை. எனக்கும்தான் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் துணை போச்சு.

விடுதி விலாசம் கீழ எழுதியிருக்கேன். இனிமே எனக்கு எழுதி அவகிட்ட சொல்லச் சொல்லாதே. அவளுக்கே எழுது.

ஸ்மரண்டா


யாஷ்
1 டிசம்பர் 2002

மரியாதைக்குரிய அம்மாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். விடுதியில் சாப்பாடு சுமார், அறை கதகதப்பாக இருக்கிறது. உங்களுக்கு உடல்நலம் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் காகிதங்கள் வந்துவிட்டதாகவும், கிறிஸ்துமஸுக்கு வருவதாகவும், டப்பாவைக் கொண்டு வருவதாகவும் பெரியம்மாவுக்கு எழுதியிருந்தீர்கள். பெரியம்மா அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்பி வைத்தார். இந்த ஆண்டு நீங்கள் எழுதிய எல்லாக் கடிதங்களையும் நான் படித்திருக்கிறேன். ஒன்றுகூட என் பெயருக்கு வந்ததில்லை.

டப்பாவைக் கொண்டு வர வேண்டாம். இங்கே எங்கள் பள்ளி நூலகத்தில் அந்த ரயில் நாவல் முழுப் புத்தகமாக இருக்கிறது. போன வாரம் கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். அந்த அம்மா திரும்பி வருகிறாள். மகள் கதவைத் திறக்கிறாள், இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், புத்தகம் முடிந்துவிடுகிறது. என் அபிப்பிராயத்தை நீங்கள் எப்போதும் கேட்பீர்கள், அதனால் சொல்கிறேன். ஆசிரியர் சுலபமான இடத்தில் நிறுத்திவிட்டார். கதவைத் திறப்பது யாராலும் முடியும். மறுநாள் காலையில் அவர்கள் சமையலறையில் உட்கார்ந்து என்ன பேசினார்கள் என்பதை அவர் எழுதியிருக்க வேண்டும். அவருக்கு அது தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

மற்ற புத்தகங்களில் யார் கொலைகாரர் என்பதை நான் தேடவில்லை.

இருபத்து இரண்டாம் தேதி விடுமுறை விடுகிறார்கள். பர்லாத்தில் வேன் நிற்கும் இடத்துக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
இலிங்கா


பாதோவா
19 ஜனவரி 2003

அன்புள்ள இலிங்காவுக்கு,

உன் பேரை மேல எழுதறது இதுதான் முதல் தடவை. நான் சுகமா வந்து சேந்தேன். எல்லையில ஒரு தொந்தரவும் இல்லை, காகிதத்தைப் பாத்துட்டுப் போன்னுட்டான். உன் சளி விட்டுச்சா? விடுதிக்குப் போறப்போ தொப்பி போடாமயே போனே.

வேன் நிக்கற இடத்துக்கு நீ வந்தே. என்னைக் கட்டிக்கிட்டே. உன் தலை என் தாடையைத் தாண்டி நின்னுது. அந்த இடம் வரைக்கும் புத்தகத்துல இருக்கற மாதிரியேதான் நடந்துச்சு. நான் அழுதேன், பெரியம்மா அழுதா, நெலு கூட மூக்கைத் துடைச்சான்.

மறுநாள் காலையில நீதான் எனக்கு முன்னாடி எந்திரிச்சிருந்தே. பெரியம்மா கடைக்குப் போயிட்டா. நாம ரெண்டு பேரும் சமையலறையில உக்காந்தோம். நான் புத்தகத்தைப் பத்தி ஏதாவது பேசலாம்னு வாயைத் திறந்தேன், வரலை. நீ சொன்னது சரிதான், அதை எழுத அந்த ஆசிரியருக்குத் தெரிஞ்சிருக்காது. எனக்கு அது நல்ல முடிவுன்னு தோணியிருந்துச்சு. அதை உன்கிட்டேர்ந்து மாசக் கணக்கா ஒளிச்சு வச்சேன். நீ கேட்டப்பவே "வர்றா"ன்னு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதாம விட்டதுக்கு நான் தினம் வருத்தப்படறேன்.

நீ ரெண்டு பேருக்கும் காப்பி போட்டே. கரண்டியைக் கையில வச்சுக்கிட்டு, விருந்தாளியைக் கேக்கற மாதிரி, "உங்களுக்குச் சர்க்கரை எத்தனை?"ன்னு கேட்டே. நான் ரெண்டுன்னேன். நீ எப்பலேர்ந்து காப்பி குடிக்கறேன்னு கேக்க நினைச்சேன், ஆனா கேக்கலை. நீ உன் காப்பிக்குச் சர்க்கரையே போடலை.

இந்தத் தடவை பார்சல்ல புத்தகம் இல்லை. ஒரு தொப்பி இருக்கு. அளவு தெரியாம வாங்கினேன், சரியா இருக்கா இல்லையான்னு எழுது.

அம்மா